முதல் வரிமேல் ஒரு கட்டைவிரல்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு மனிதர் சிரிப்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, கையிலிருக்கிற கரண்டி நழுவிக் கீழே விழுகிற அளவுக்குச் சிரிப்பார். அவர் சிரித்தால் கேட்கிறவர்களும் சிரிப்பார்கள், அது உறுதி. ஆனால் இப்போது இல்லை. உலையில் அரிசி விழுந்ததுமே தட்டைத் தட்டுகிற பிள்ளை மாதிரி யாரும் அவசரப்படக் கூடாது. சிரிப்புக்கும் ஒரு கொதி உண்டு, கொதிக்குப் பிறகு ஒரு பதம் உண்டு, அதுவரைக்கும் அந்த மனிதர் படுகிற பாட்டை உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். நாம் உட்காரலாம். அவர் உட்கார மாட்டார்.

அவர் பெயர் சோலைராசா. கீழப்புலியடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கிளை நூலகத்துக்கு நேர் எதிரே, சோலை மெஸ் அவருடையது. ஐம்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் இல்லை. அடுப்பைக் கட்டிக்கொண்டவர் என்று ஊரில் சொல்வார்கள், அந்தக் குடித்தனத்திலும் அவர் ஒரு நாள் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. வெங்காயம் உரிக்கும்போது நடப்பார், புளி கரைக்கும்போது நடப்பார், சாமி கும்பிடும்போதுகூட இந்தப் பக்கம் நாலடி அந்தப் பக்கம் நாலடி நடந்துதான் கும்பிடுவார், சாமிக்கே கழுத்து வலித்திருக்கும். காலையில் அவர் வைக்கிற புளிக்குழம்பு பன்னிரண்டு மணிக்கு இலைக்கு வரும். இரண்டு மணிக்கு அண்டாவைச் சுரண்டினாலும் ஒன்றும் வராது. கண்டக்டர்களும் வாத்தியார்களும் பத்திர ஆபீஸ் எழுத்தர்களும் அந்தக் குழம்பை நம்பித்தான் வேலைக்கு வந்தார்கள். வாசலில் முப்பது வருஷமாகத் தொங்குகிற பலகையில் இரண்டே வரி: சோலை மெஸ். இங்கு நேற்றையது கிடையாது.

அந்த இரண்டாவது வரிதான் அவருடைய வேதம். மிச்சக் குழம்பைச் சுண்டவைத்து மறுநாள் ருசியாகத் தின்கிற வீடுகள் ஊரில் உண்டு என்று அவருக்குத் தெரியும், எலி தின்கிறவர்கள் தேசத்தில் உண்டு என்று தெரிந்திருப்பதைப் போல. மிஞ்சினால்தானே சுண்டவைக்க முடியும். பிறந்ததிலிருந்து நேற்றைய குழம்பு என்று ஒன்று அவர் நாக்கில் பட்டதில்லை.

மெஸ்ஸின் அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னோர் அடுக்களை. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. அந்தப் பாதி அண்ணன் அழகுராசாவுக்கு. கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணனும் தம்பியும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அதனால்தான் இவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது. அப்பாவின் பதினாறாம் நாள் விருந்துக்கு அண்ணன் எங்கோ கம்பி அறுந்ததைப் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தார், ஆறிப்போன குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, “ஆறினா வாயில வைக்க வெளங்கலையே” என்று சொந்தபந்தம் முன்னால் சொன்னார். தம்பி, சூடாகத் தின்கிறவன் நேரத்துக்கு வர வேண்டும் என்றார். அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்து, உன் அடுப்புச் சூட்டோடு எதுவும் இனி என் நாக்கில் படாது, இது அப்பாமேல் சத்தியம் என்றார். சொன்னது போதாதென்று மறுநாள் அதையே ஒரு கார்டில் எழுதி, அடுத்த வீட்டுக்குத் தபாலில் அனுப்பினார். தம்பி அந்தக் கார்டை அடுப்பில் போட்டுவிட்டு, உன் எழுத்து இனி என் கண்ணில் படாது, இதுவும் அப்பாமேல் என்றார். செத்து மூன்று வாரம்கூட ஆகாத அந்த அப்பா இரண்டு சத்தியத்தையும் தலையில் சுமந்துகொண்டு மேலே போனார்.

இரண்டு சத்தியத்தையும் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கொத்தமல்லி மாதிரி கடைசியில்தான் தூவப்படும்.

இனி அந்தப் புத்தகம். நூலகத்தில் பதிவெண் 4117. அட்டை கிழிந்து, தலைப்பும் எழுதியவர் பெயரும் போய்விட்ட ஒரு சமையல் புத்தகம். பதிவேட்டின்படி எண்பத்தாறு தாள். ஓர் ஆவணி மாதம் அது தபால்காரர் வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு எண்பத்தேழு தாளோடு திரும்பி வந்தது. புதிய தாளில் தபால்காரர் மனைவியின் கையெழுத்தில், அவள் பேசுகிற பேச்சில், “ரவை கால் படி, கடைக்காரன் தந்தது, அதுல பூச்சி, பூச்சியை எடுத்துட்டா அரைக்கால் படி” என்று ஓர் உப்புமா எழுதியிருந்தது. அவள் எழுதவில்லை. புத்தகம் பதினைந்து நாளும் அரிசி டப்பாமேல்தான் கிடந்தது. கிடந்த இடத்திலேயே தாள் விட்டிருக்கிறது. அடுத்து அது ரைஸ் மில்காரர் வீட்டுக்குப் போய்வந்தது, எண்பத்தெட்டு. அதற்கடுத்துக் கம்பவுண்டர் வீடு, எண்பத்தொன்பது. எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டு அடுப்பில் நடந்ததை, அந்த வீட்டில் யார் கரண்டி பிடித்தார்களோ அவர்கள் எழுத்திலும் வாயிலும், ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல் எழுதிக்கொண்டு வந்தது.

நூலகர் எஸ்தர் தன் மேசையில் இருந்த நூலக நிர்வாகப் புத்தகத்தைப் புரட்டினாள். அது தலையணை தடிமன். தாள் குறைந்தால் என்ன செய்வது என்று அதில் பதினோரு பக்கம் இருந்தது. தாள் கூடினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. குறைந்தால்தானே குற்றம் என்று அவள் மூடிவைத்துவிட்டாள். ஊரும் அவ்வளவுதான் யோசித்தது. முருங்கைக் கொம்பை நட்டால் தழைக்கிறது, மரத்தை அரைத்துச் செய்த காகிதம் தழைக்கக் கூடாதா என்று பத்திர ஆபீஸில் ஒருவர் கேட்டார், மற்றவர்கள் ஆமாம் என்றுவிட்டு அடுத்த பத்திரத்தை எடுத்தார்கள்.

ஆனால் உபயோகப்படுத்திக்கொள்வதில் ஊர் பின்வாங்கவில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு 4117-ஐயும் பார்த்துவிட்டுப் போனார்கள். ‘மூணு நாளா அதே ரசம், கேட்டா தலைவலிங்கறது’ என்ற ஒரு வரியால் ஒரு சம்பந்தம் நின்றது, ‘மாமனாருக்குப் பல் இல்லை, தனியாக் குழைய வடிச்சது’ என்ற ஒரு வரியால் இரண்டு சம்பந்தம் கூடியது. டாக்டர், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு எத்தனையாவது தாள் என்று கேட்டார். மருமகள் கையெழுத்தில் தாள் வந்த வீடுகளில், நான்தான் சமைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமியார்கள் கொஞ்ச நாள் கோவிலுக்கு அதிகமாகப் போனார்கள். புத்தகம் வருகிற பதினைந்து நாளுக்கு என்று சேர்த்துவைத்துக் கோழி அடித்த வீடுகளும் உண்டு, புத்தகம் அதையும் விடவில்லை: ‘இந்தப் புஸ்தகம் வந்திருக்கறதால கோழி, போனதும் பழையபடி கத்திரிக்காய்.’ தனியாக அறையெடுத்துத் தங்கியிருந்த கணக்கு வாத்தியாரின் தாளில் இரண்டே வரி இருந்தது: ‘தண்ணி கொதிக்கணும். பாக்கெட்டைப் பல்லால கடிச்சுக் கிழி.’ அதைப் படித்த பிறகு அவருக்கு மூன்று வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது.

கேட்பவர்கள் அதிகமாகி, வாசலில் சண்டை வந்து, தாளைக் கிழிக்கிற அளவுக்கு இழுபறி ஆனபோது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நூலகத்தில் எல்லாருக்குமாகப் படிப்பது என்று முடிவாயிற்று. எஸ்தர் படித்தாள். அங்கேதான் வினை. எஸ்தருக்கு வயது ஐம்பத்திரண்டு, முகத்தில் சிரிப்பே இருக்காது, ஆனால் தொண்டைக்கு மட்டும் பதினாறு வயது தாண்டவில்லை. யார் குரலும் அவளுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை குரலில் அடுத்த அறையிலிருந்து லீவு விட்டவள். தபால்காரர் மனைவியின் தாளை அவள் மூக்கால் படித்தாள், ரைஸ் மில் வீட்டுத் தாளை மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டையால் படித்தாள், கம்பவுண்டர் வீட்டுத் தாளை ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெருமூச்சு விட்டுப் படித்தாள். அந்தந்த வீட்டுக்காரிகள் தங்கள் தொண்டையைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் அழகுராசாவின் மனைவி மகளுடைய பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போனாள். ஆறு மாதம். அழகுராசா தினமும் நூலகத்தில் பேப்பர் படிக்கிறவர், சுடுதண்ணி வைக்கத் தெரியாதவர். பதினைந்து நாள் தவணைக்கு 4117-ஐ அவரும் எடுத்துக்கொண்டு போனார், எல்லாரையும் போலவே ஒரு தாள் கூட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அந்தத் தாளை எஸ்தர் தனியாகப் படித்துவிட்டு நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அழகுராசாவைப் பார்த்தாள். அவர் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

“எஸ்தரு, அந்த மொத வரிய மட்டும் சத்தமாப் படிச்சிராத” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. “அவன் காதுல விழுந்துச்சுன்னா நான் நிப்பாட்ட வேண்டியிருக்கும். நிப்பாட்டிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?”

எஸ்தர் வருகைப் பதிவேட்டின்மேல் கையை வைத்து, படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அந்த ஊரில் சத்தியம் செய்வது ஜலதோஷம் மாதிரி, ஒருத்தருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும்.

இதற்கிடையில் சோலைராசாவின் மூக்குக்கு நிம்மதி போயிருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு, அவர் வெங்காயத்தோடு நடந்துகொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. புளிக்குழம்புதான், ஆனால் புளி தெரியவில்லை. மிளகாய்தான், ஆனால் காரம் தனியாக நிற்கவில்லை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ந்த குடும்பம் மாதிரி ஒரே குரலில் பேசுகிற வாசம். அது அவருக்குத் தெரிந்த வாசம் போலவும் இருந்தது, அதுதான் இன்னும் அரித்தது. எங்கோ பார்த்த முகம், பேர் வரவில்லை. சுடுதண்ணி வைக்கத் தெரியாதவன் எப்படி வைக்கிறான் இதை? அந்த வாசம் வந்த பிறகு அவருடைய குழம்பு அவருக்கே பச்சையாக, ஒட்டாமல், அவசரமாக இருந்தது. மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பந்தியில் அவர் நடக்கிற காற்றிலேயே இலைகள் பறந்தன.

அவர் போய்ப் புத்தகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதில் இருப்பது அண்ணன் எழுத்து. கண்ணில் படாது என்று அப்பாமேல் சொன்னது. இரண்டு நாள் நடந்து யோசித்துவிட்டு, காதைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்தார்.

அப்படித்தான் ஒரு மாசி ஞாயிறு அவர் நூலகத்துக்குள் வந்தார். கூட்டம் வழிவிட்டது. மூலையில் அழகுராசாவின் பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. எஸ்தர் அந்தத் தாளை விரித்து, முதல் வரிமேல் தன் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தாளில் இருந்தது மொத்தம் மூன்று வரி. மீதி இரண்டைப் படித்தாலும் குட்டு உடைந்துவிடும். சத்தியம் காப்பதற்காகத்தான் பொய் சொன்னாள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் கண் மின்னியதைப் பார்த்தவர்கள் அதை நம்பவில்லை.

“ம்ம்” என்றாள், அழகுராசாவின் குரலில், அவர் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் செருமுகிற அதே செருமலோடு. “சட்டிய வடக்க பாத்து வையி. ம்ம். புளியக் கரைக்கும்போது நடக்கக் கூடாது, ஒரு எடத்துல நில்லு.”

சோலைராசா மூலையிலிருந்த பேப்பரைத் திரும்பிப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாகச் சுவர் வழியாக இருமலாக மட்டும் வந்த குரல் அது.

மிச்சத்தையும் படி என்றார். எஸ்தர் நூலக நிர்வாகப் புத்தகத்தைக் காட்டி, மூன்று விரற்கடைக்கு மேல் நீளமான தாளை வாரத்துக்கு இவ்வளவுதான் படிக்கலாம் என்று விதி இருப்பதாகச் சொன்னாள். விதி என்றதும் சோலைராசா நம்பிவிட்டார். நம்பிவிட்டு, வாசல்வரைக்கும் போனவர் திரும்பி வந்து, யாரும் கேட்காமலேயே, கூட்டத்தின் முன்னால் அந்த ஊருக்கே உரிய தப்பைச் செய்தார்.

“சித்திரை ஒண்ணுக்குள்ள அந்தக் கொழம்ப நான் வைக்கணும். வைக்கலேன்னா அடுத்தநா காலைல என் போர்ட நானே எறக்கிருவேன். மெஸ்ஸு கெடையாது, ஒண்ணும் கெடையாது. அப்பாமேல சத்தியம்.”

மேலே போன அப்பாவுக்கு இது மூன்றாவது மூட்டை.

சொன்னால் செய்கிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கே கண்டக்டர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். ஆனால் முதல் வரி என்னவென்று ஊருக்கே தெரியும், தினமும் கண்ணெதிரே நடப்பதுதான். தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. அழகுராசா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சத்தியம் வாங்கியிருந்தார். தினமும் பதினொன்றே முக்காலுக்கு எஸ்தர் பித்தளைத் தூக்கோடு எதிர்ப்பக்கம் போய், அண்ணே எனக்குக் குழம்பு மட்டும், என்பாள். சோலைராசா நடந்துகொண்டே ஊற்றுவார். தூக்கில் பேர் வெட்டியிருக்கிற பக்கத்தை அவள் உள்ளங்கை மூடியிருக்கும். அவருக்குத் தூக்கைப் பார்க்க நேரமில்லை, அவர் கவனமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைமேல்.

சிரிப்பு இன்னும் வேகவில்லை. அடுப்பை ஊத வேண்டும்.

அடுத்த ஞாயிறு எஸ்தரின் தொண்டையில் அழகுராசா, குழம்பைக் கிண்டாதே, பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். திங்கட்கிழமை பந்திக்கு வந்தவர்கள் உள்ளேயிருந்து, “மீனாட்சி, கொதி தாயி, மெல்லக் கொதி” என்று கெஞ்சுகிற குரலைக் கேட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு, அடுப்பு எரிகிறவரை யாரையும் வையக் கூடாது என்று வந்தது. முப்பது வருஷமாக வசவோடு சேர்த்துச் சோறு போட்ட மனிதர், இலை எடுக்கிறவரைப் பார்த்து, ஐயா தயவுசெய்து அந்தத் தண்ணியை எடுத்து வையுங்கள் என்றார், அவர் பயந்துபோய் வேலையை விட்டுப் போகப் பார்த்தார். பங்குனி முதல் ஞாயிறு, தாளிக்கும்போது பிறந்த ஊரைப் பார்த்து மூன்று முறை கும்பிடு என்று வந்தது. அவர் பிறந்தது அந்த அடுக்களைக்கு நாலடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். யோசித்தார், பிறகு சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.

ஊர் இதைத் தின்று கொழுத்தது. மெஸ் ஜன்னலில் காலையிலிருந்து முகங்கள். எஸ்தருக்கு நடக்கும்போதே அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது. ஆனால் பங்குனி பாதிக்குமேல் அவளுக்குத் தோள் குலுங்குவது நின்றது. சோலைராசா மெலிந்துகொண்டே வந்தார். வடக்கே பார்த்துச் சட்டியை வைத்தார், மீனாட்சியைக் கெஞ்சினார், யாரையும் வையவில்லை, சுவரைக் கும்பிட்டார். குழம்பு அதே குழம்பாகத்தான் வந்தது. ஒன்பது மணிக்குச் சுவருக்கு அப்பால் அந்த வாசம் வந்து அவர் மூக்கில் உட்கார்ந்து கேலி செய்தது. பங்குனிக் கடைசி ஞாயிறு கூட்டம் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. புத்தக அலமாரிகளுக்கு இடையில் நடந்துகொண்டேயிருந்தார்.

“எனக்குக் கை போச்சு எஸ்தரு” என்றார். “அவன் அன்னைக்கே சொன்னான். ஆறினா வெளங்காதுன்னு. நான்தான் ஒத்துக்கல.”

எஸ்தர் வாயைத் திறந்தாள். மூலையில் அழகுராசா பேப்பரை முகத்தோடு ஒட்டிக்கொண்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அண்ணே, ஒரு நாளைக்கு உங்கள் குழம்பை நீங்களே கொஞ்சம் எடுத்து வைத்துப் பாருங்களேன் என்று மட்டும் சுற்றி வளைத்துச் சொன்னாள். அவர், என் மெஸ்ஸில் நேற்றையது கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரை ஒன்று. வழக்கமாக அன்று மெஸ்ஸுக்கு விடுமுறை, வீட்டுக்கு வீடு விருந்து இருக்கும்போது யார் வரப் போகிறார்கள். ஆனால் தவணையின் கடைசி நாள் ஆயிற்றே. சோலைராசா அண்டா நிறைய வைத்தார். கடைசிக் குழம்பு என்று நினைத்துக்கொண்டு வைத்தார். பன்னிரண்டு மணிக்கு இலை போட்டார். யாரும் வரவில்லை. விருந்து ஒரு காரணம். பலகை இறங்கப் போகிற மனிதர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது இன்னொரு காரணம். ஜன்னலில்கூட முகம் இல்லை. நூலகத்துக்கும் விடுமுறை, எஸ்தரும் தூக்கோடு வரவில்லை. இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அண்டா நிறைந்தபடியே இருந்தது. அதைக் கொட்ட அவருக்குக் கை வரவில்லை. ஒரு மண்சட்டி நிறைய அள்ளித் தட்டால் மூடிவைத்துவிட்டுப் படுத்தார், படுத்தபடியே கால்களை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஏணியைக் கொண்டுவந்து பலகைக்குக் கீழே சாய்த்தார். ஏறுவதற்கு முன்னால் தலை சுற்றியது. முந்தின நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அடுக்களையில் அந்தச் சட்டியைத் தவிர ஒன்றுமில்லை. இனிமேல் என்ன மானம் என்று அதை அடுப்பில் ஏற்றினார். மணி ஒன்பது.

வாசம் வந்தது.

அதே வாசம். ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, ஒரே குரலில் பேசுகிற வாசம். பாவி இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டான் என்று சோலைராசா சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஆனால் வாசம் சுவரிலிருந்து வரவில்லை. சுவரில் மூக்கை வைத்துப் பார்த்தார். செங்கல் வாசம், சுண்ணாம்பு வாசம். அந்தப் பக்கம் அடுப்பே எரியவில்லை, ஒரு கரண்டிச் சத்தம் இல்லை, பசித்தவன் செருமல் ஒன்றுதான் கேட்டது. திரும்பினார். சட்டியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமலேயே, ஒரு இடத்தில் நின்றார்.

கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். இன்னொரு துளி எடுத்து வைத்தார்.

அந்த நேரத்தில்தான் எஸ்தர் ஓடிவந்தாள், ஏணியைப் பார்த்து அழுகிற நிலையில், ஒரு கையில் 4117, மறு கையில் தூக்கு. வந்த வேகத்தில் இரண்டையும் மேசைமேல் போட்டாள். தூக்கு உருண்டு அவர் பக்கம் திரும்பி நின்றது. அதன் வயிற்றில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில், பாகம் பிரித்தபோது அண்ணன் பங்குக்குப் போன அவர்கள் அப்பாவின் பேர்.

அவர் தூக்கைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“நீ கொழம்பு மட்டும்தான் வாங்குவ” என்றார் மெதுவாக. “சோறு வாங்க மாட்ட.”

எஸ்தர் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“கட்டவெரலால நீ மூடிக்கிட்டே இருந்த அந்த மொத வரியப் படி.”

சத்தியம் பண்ணியிருக்கிறேன் அண்ணே என்றாள். சோலைராசா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, எழுத்து கண்ணில் படாமல், ஊருக்கே கேட்கிற குரலில், “படிக்கச் சொல்லுங்க அவள” என்றார். பத்தொன்பது வருஷத்தில் சுவரிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அந்தப் பக்கம் ஒரு காலடிச் சத்தம் சுவரை ஒட்டி வந்து நின்றது. பிறகு ஒரு செருமல். “ம்ம்.”

எஸ்தர் புத்தகத்தை விரித்து, இரண்டு மாதமாக அழுந்தி அழுந்தி எண்ணெய்க் கறை பிடித்திருந்த இடத்திலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். அழகுராசாவின் குரலில்தான் தொடங்கினாள், ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து அதே குரல் அதே வரிகளைக் கூடவே சொன்னதால், எது எஸ்தர் எது அழகுராசா என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது:

“ம்ம். என் தம்பி நேத்து வச்ச கொழம்பு, ஒரு தூக்கு. மண்சட்டில ஊத்தி, அவன் அடுப்புச் சூடு போறவரைக்கும் ராத்திரி முழுக்க மூடி வையி. காலைல ஒரு கொதி, சூடு என் அடுப்போடது, அதனால சத்தியம் தப்பல.”

சோலைராசாவின் முகம் முதலில் கோணியது, அழப் போகிறார் என்றுதான் எஸ்தர் நினைத்தாள். பிறகு அவர் முதுகு சுவரில் சாய்ந்தது, கை வயிற்றைப் பிடித்தது, கரண்டி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. சித்திரை ஒன்றுக்குள் அவரே வைத்துவிட்ட குழம்பு அடுப்பில் கொதிக்க, வாசலில் இனி ஏற வேண்டாத ஏணி சாய்ந்தபடி நிற்க, சுவருக்கு இந்தப் பக்கம் கிளம்பிய சிரிப்பு அந்தப் பக்கமும் கேட்டது.